எட்டு மாதக் குழந்தையுடன் கப்பல் சுற்றுலா போகலாமா?

கேள்வி: கும்பகோணத்திலிருந்து ஒரு தாய்

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு இந்தக் கார்த்திகையில் ஐந்து மாதம் நிறைகிறது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் கொழுந்தனாரும் ஓரகத்தியும், வருகிற மாசியில் எங்களையெல்லாம் அங்கே வரவழைத்து, சிங்கப்பூரில் புறப்பட்டுப் பினாங்கு, புக்கெட் ஆகிய இடங்களைத் தொட்டுத் திரும்பும் நான்கு இரவுக் கப்பல் சுற்றுலாவுக்கு அழைத்துப்போக விரும்புகிறார்கள். அத்தையும் மாமாவும் உடன் வருகிறார்கள். முன்பணம் கட்டுவதற்குள் எங்கள் முடிவைச் சொல்ல வேண்டும்.

கப்பல் ஏறும் நாளில் குழந்தைக்கு எட்டு மாதம் ஆகியிருக்கும். என் கணவருக்கு மிகுந்த ஆவல். நடவும் அறுவடையுமாகவே காலத்தைக் கழித்து, திருச்சிக்கு அப்பால் அதிகம் போயிராத அத்தைக்கும் மாமாவுக்கும் பிள்ளைகள் இருவரோடும் சேர்ந்து போகும் இப்படியொரு வாய்ப்பு மறுபடி எப்போது அமையும் என்று அவர் கேட்கும்போது, மறுத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. என் அம்மாவோ, பல் முளைக்காத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடுக்கடலுக்குப் போக இப்போது என்ன அவசரம் என்கிறார்.

குழந்தை தாய்ப்பால் குடிக்கிறாள். அதற்குள் இணை உணவும் தொடங்கியிருப்போம். தூளியில் போட்டு ஆட்டினால்தான் தூங்குவாள். இங்கே நள்ளிரவில் காய்ச்சல் கண்டாலும் ஆட்டோ பிடித்துச் சிறிது நேரத்தில் மருத்துவமனை வாசலில் நிற்க முடியும். கப்பலில் யாரிடம் போவது? தவிர, கொடைக்கானல் மலைப்பாதையில் பேருந்து ஏறினாலே எனக்குக் குமட்டல் வந்துவிடும். கடலில் நான் படுத்துவிட்டால் பிள்ளையை யார் பார்ப்பது என்ற கவலையும் இருக்கிறது. கைக்குழந்தையோடு கப்பலில் போய்வந்தவர்களும் மருத்துவம் அறிந்தவர்களும் உள்ளதை உள்ளபடி சொன்னால் பேருதவியாக இருக்கும்.


பதில் 1: தஞ்சாவூரிலிருந்து

சகோதரி, எங்கள் மகனுக்குப் பத்து மாதம் இருக்கும்போது நாங்களும் சிங்கப்பூரிலிருந்து இதே போன்ற ஒரு பயணம் போய்வந்தோம். போகலாம் என்பதே என் கருத்து. ஆனால் கப்பலில் உங்கள் பொழுது எப்படிக் கழியும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போனால்தான் ஏமாற்றம் இராது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

வயதைப் பொறுத்தவரை, பெரும்பாலான கப்பல் நிறுவனங்கள் ஆறு மாதம் நிறைந்த குழந்தைகளை ஏற்றிக்கொள்கின்றன. மூன்று நாளோ அதற்கு மேலோ கரையே தொடாமல் ஓடும் நெடும்பயணங்களுக்கு மட்டும் ஒரு வயது நிறைந்திருக்க வேண்டும் என்று பல நிறுவனங்கள் விதித்திருக்கின்றன. பதிவு செய்யும் நாளை விட்டுவிட்டு, கப்பல் புறப்படும் நாளில் என்ன வயது என்றே கணக்கிடுவார்கள். குழந்தை மடியில்தானே இருக்கப்போகிறது என்று பதிவில் பெயர் சேர்க்காமல் விட முடியாது. உயிர்காப்புப் படகில் எத்தனை பேருக்கு இடம் உண்டோ அத்தனை பேரைத்தான் ஏற்ற முடியும் என்பதால், கைக்குழந்தையும் முழுப் பயணியாகவே எண்ணப்படும்; துறைமுகக் கட்டணமும் வரியும் அவளுக்கும் உண்டு.

குளியலறையைப் பார்த்ததும் என் அத்தை திகைத்துப் போனார். நம் ஊரில் பாட்டிமார் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, கால்களின் மேல் பிள்ளையைப் போட்டு வெந்நீர் ஊற்றிக் குளிப்பாட்டுவது வழக்கமல்லவா? கேபின் குளியலறையில் ஒரு பெரியவர் நிற்கத்தான் இடம் இருக்கும். கால் நீட்டுவது பற்றிப் பேச்சே இல்லை. கை கழுவும் தொட்டியை நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டு, அதில் இளவெந்நீர் நிரப்பி, நான் பிடித்துக்கொள்ள அவர் குளிப்பாட்டினார். காற்றடைத்து விரிக்கும் சிறிய குளியல் தொட்டி ஒன்றை எடுத்துப் போனால் இன்னும் வசதி.

தூளி கட்ட அங்கே வழியே இல்லை. கூரையில் கொக்கியும் இராது, கட்ட அனுமதியும் இராது. பதிவு செய்யும்போதே கேட்டுக்கொண்டால் மடக்குத் தொட்டில் கொடுப்பார்கள். அதைப் போட்டபின் கேபினில் நடக்க ஒரு முழம் இடம்தான் மிஞ்சும். அதனால் இந்த மாதத்திலிருந்தே பகல் தூக்கத்தையாவது சமதரைப் படுக்கைக்கு மாற்றிப் பழக்குங்கள். எங்கள் மகன் முதல் இரவு முழுவதும் தூளிக்கு ஏங்கி அழுதான். மறுநாள் அலுப்பில் தானே உறங்கினான்.

வீட்டில் அரைத்த சத்துமாவையும் ராகியையும் எடுத்துப் போய்க் காய்ச்சிக் கொடுத்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். தீ விபத்துக்கு அஞ்சி மின் கெட்டில், அடுப்பு, வெந்நீர்க் கம்பி ஆகியவற்றைக் கப்பலில் அனுமதிக்க மாட்டார்கள். ஏறும்போதே பையிலிருந்து எடுத்து வைத்துக்கொள்வார்கள். வீட்டில் தயாரித்த உணவையும் பெரும்பாலும் ஏற்பதில்லை. முத்திரை பிரிக்காத குழந்தை உணவுப் பொட்டலங்களுக்குத் தடை இல்லை. உணவுக்கூடத்தில் தலைமைப் பரிமாறுநரிடம் முதல் வேளையிலேயே சொல்லிவைத்தால், உப்பு காரம் இல்லாமல் குழைய வேகவைத்த சோறும் பருப்பும் தனியாகக் கொண்டுவந்து தருவார்கள். வெந்நீரைப் பிளாஸ்கில் வாங்கிக்கொள்ளலாம். டயப்பரும் பால் மாவும் கப்பல் கடையில் கிடைக்கும் என்று நம்பாமல், தேவைக்கு மேல் ஒரு பங்கு கூடுதலாகக் கொண்டுபோங்கள்.

நீச்சல் குளத்தைப் பற்றி உங்கள் கணவரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். டயப்பர் அணியும் வயதுக் குழந்தைகளைப் பெரிய குளங்களில் இறக்க விடுவதில்லை. நீச்சலுக்கென்று விற்கும் டயப்பர் போட்டாலும் இதே விதிதான். சில கப்பல்களில் மட்டும் கைக்குழந்தைகளுக்கென்று தனியாக நீர் தெளிக்கும் இடம் இருக்கும்.

மாலைக் காட்சிகளும் அப்படித்தான். குழந்தை உறங்கிய பிறகு இருவரில் ஒருவர் கேபினில் இருந்தாக வேண்டும். பால்கனி உள்ள கேபின் எடுத்திருந்ததால் நாங்கள் இருவரும் வெளியே அமர்ந்து, கதவின் கண்ணாடி வழியே தொட்டிலைப் பார்த்தபடி பேசிக்கொண்டிருக்க முடிந்தது. பகலில் குழந்தை நகரத் தொடங்கியதும் அந்தக் கதவைத் தாழிட்டே வைத்திருக்க வேண்டும். கூடுதல் பணம் கொடுத்துப் பால்கனி எடுங்கள் என்று நான் சொல்வதற்கு அந்த மாலை நேரங்களே காரணம்.

கப்பல் புறப்படும் முன் எல்லோரும் அவசரகாலப் பயிற்சியில் கலந்துகொள்ள வேண்டும் என்பது பன்னாட்டு விதி. ஒரு நாளைக்கு மேற்பட்ட பயணமென்றால், கப்பலில் உள்ள ஒவ்வொரு கைக்குழந்தைக்கும் அதன் அளவுக்கேற்ற மிதவைச் சட்டை இருந்தாக வேண்டும் என்பதும் விதிதான். கேபினுக்குள் நுழைந்ததும் அதைக் கேட்டு வாங்கி, ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுங்கள்.


பதில் 2: மன்னார்குடியிலிருந்து

மேலே எழுதியவர் எல்லாவற்றையும் நேர்மையாகச் சொல்லியிருக்கிறார். அவற்றைப் படித்த பிறகுதான் எனக்குப் போக வேண்டாம் என்றே தோன்றுகிறது. குளத்தில் இறங்க முடியாது, காட்சிகளுக்குச் சேர்ந்து போக முடியாது, பிள்ளைக்குத் தூளியும் கிடையாது என்றால், அந்தப் பயணத்தில் தாய்க்கு என்னதான் மிஞ்சுகிறது? கப்பல்களில் குழந்தைகளுக்கான விளையாட்டுக் கூடங்கள் பெரும்பாலும் மூன்று வயதில்தான் தொடங்குகின்றன. ஆறு மாதம் முதல் பார்த்துக்கொள்ளும் காப்பகம் சில கப்பல்களில்தான் இருக்கிறது, அதற்கும் மணிக்கணக்கில் கட்டணம் உண்டு.

சிங்கப்பூருக்குப் போவதை நான் தடுக்கவில்லை. அத்தையும் மாமாவும் கொழுந்தனாரோடு கப்பலில் போய்வரட்டும். நீங்களும் கணவரும் குழந்தையும் அந்த நாட்களில் அவர்கள் வீட்டிலேயே தங்கி ஊரைச் சுற்றிப் பார்க்கலாம். வீடு இருக்கிறது, அடுப்பு இருக்கிறது, மருத்துவமனை அருகில் இருக்கிறது. கப்பலை அவள் மூன்று வயதானதும் தானே நடந்து ஏறட்டும். பிறந்த ஐந்து மாதத்தில் நீங்கள் முழுதாக உறங்கிய இரவு எத்தனை என்று வீட்டில் யாராவது கேட்டார்களா? அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.


பதில் 3: மயிலாடுதுறையிலிருந்து ஒரு குழந்தை நல மருத்துவர்

அம்மா, உங்கள் கேள்வியில் எனக்குப் பெரிதாகப் படுவது மாசி என்ற அந்த மாதம்தான். அரசின் தடுப்பூசி அட்டவணைப்படி, தட்டம்மை மற்றும் ரூபெல்லாவுக்கான முதல் தவணை ஒன்பது மாதம் நிறைந்ததும் போடப்படுகிறது. உங்கள் மகளுக்கு அது பங்குனித் தொடக்கத்தில்தான் வரும். தாயிடமிருந்து கிடைத்த எதிர்ப்பாற்றல் குறைந்து, தடுப்பூசியும் இன்னும் போடாத இடைவெளியில் அவளைப் பல நாட்டு மக்கள் கூடும் மூடிய கூடங்களுக்குக் கொண்டுபோவீர்கள். தட்டம்மைக் கிருமி, நோயாளி வெளியேறிய பின்னும் இரண்டு மணி நேரம் வரை அறையின் காற்றில் தங்கக்கூடியது. வெளிநாட்டுப் பயணத்துக்காக ஆறு மாதத்திலேயே ஒரு தவணை முன்கூட்டிப் போடும் வழக்கமும் உண்டு. ஆனால் அதைக் கணக்கில் கொள்ளாமல், வழக்கமான தவணைகளை உரிய காலத்தில் மறுபடி போட வேண்டியிருக்கும்.

ஆகவே பயணத்தைப் பங்குனி இறுதிக்குத் தள்ளிவைக்க முடியுமானால், ஒன்பதாம் மாத ஊசி போட்டு இரண்டு வாரங்களாவது கடந்திருக்கும். குழந்தைக்கும் பத்து மாதம் ஆகி, திட உணவு நன்றாகப் பழகியிருக்கும். மார்கழியில் ஆறு மாதம் நிறைந்ததும் இன்ஃபுளுவென்சா தடுப்பூசியைத் தொடங்குங்கள். முதல் முறை போடும்போது நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை தேவை. சித்திரை பிறந்து வெகுநாள் தள்ள வேண்டாம். தென்மேற்குப் பருவக்காற்று வைகாசியில் தொடங்கிவிட்டால் புக்கெட் பக்கத்து அந்தமான் கடலில் அலை உயரும்.

குழந்தைக்குக் கடல் குமட்டல் வருமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பயணக் குமட்டல் அரிதாகவே வரும். உங்களுக்கு வருவதற்கான வாய்ப்புத்தான் அதிகம். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் உள்ள கேபினில் ஆட்டம் குறைவாக இருக்கும். உங்களுக்கான மாத்திரையைப் பாலூட்டும் தாய் என்று சொல்லி உங்கள் மருத்துவரிடமே எழுதி வாங்குங்கள். ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: பேருந்துப் பயணத்துக்குக் கடையில் வாங்கும் வாந்தி மாத்திரைகள் சிலவற்றில் உள்ள ப்ரோமெத்தசின் என்னும் மருந்தை இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கால் மாத்திரை அளவில்கூடக் கொடுக்கக் கூடாது, அது மூச்சை ஒடுக்கிவிடக்கூடும். வசம்பை உரைத்து நாவில் தடவுவதும் வேண்டாம்.

கப்பலில் மருத்துவர் இருப்பார். அவர் பெரும்பாலும் அவசர சிகிச்சையிலோ பொது மருத்துவத்திலோ பயிற்சி பெற்றவராக இருப்பார். குழந்தை நல மருத்துவர் இருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. சிறிய காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் அது போதும். அதற்கு மேல் என்றால் அடுத்த துறைமுகம் வரும் வரை நிலைப்படுத்தி வைத்திருந்து, கரையில் உள்ள மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். நீங்கள் போகும் பாதையில் பினாங்கும் புக்கெட்டும் நல்ல மருத்துவமனைகள் உள்ள ஊர்கள் என்பது ஆறுதல். குறைமாதத்தில் பிறந்தது, இதயக் குறை, அடிக்கடி இளைப்பு போன்ற ஏதேனும் இருந்தால் என் பதில் வேறாக இருக்கும். அதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

கப்பல்களில் எளிதில் பரவும் வயிற்றுப்போக்குக்குக் காரணமான நோரோவைரஸை ஆல்கஹால் திரவம் தடவி முழுதாக ஒழிக்க முடியாது. சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவுவதே வழி. பத்து மாதக் குழந்தை தவழும், கைக்கு எட்டியதை வாயில் வைக்கும். எனவே கம்பளத் தரையின்மேல் விரிக்க உங்கள் வீட்டுப் பாயோ விரிப்போ ஒன்று கட்டாயம் வேண்டும். வயிற்றுப்போக்கு வந்தால் தாய்ப்பாலை நிறுத்தாமல், ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். பொட்டலத்தில் குறித்துள்ள அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். உச்சிக்குழி உள்வாங்கினாலோ, ஆறு மணி நேரம் சிறுநீர் போகாமல் இருந்தாலோ, பால் குடிக்க எழுப்பியும் துவண்டு கிடந்தாலோ, காலை வரை காத்திராமல் கப்பல் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.


பதில் 4: நாகப்பட்டினத்திலிருந்து

மகளே, எங்கள் ஊரிலிருந்து கைக்குழந்தைகள் கடல் கடந்து போனது புதிதல்ல. 1926இல் கட்டப்பட்டு 1973 வரை ஓடிய ராஜுலா கப்பலும், அதன் பின் வந்த சிதம்பரம் கப்பலும் சென்னையில் புறப்பட்டு, நாகையில் ஆள் ஏற்றிக்கொண்டு பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய்வந்தன. கப்பல் கரைக்கு வராது. படகில் போய்த்தான் ஏற வேண்டும். என் தாயார் என் அண்ணனைக் கைக்குழந்தையாக இடுப்பில் வைத்துக்கொண்டு அப்படித்தான் ராஜுலாவில் ஏறி, மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து, பினாங்கில் இருந்த என் தந்தையாரிடம் போய்ச் சேர்ந்தார். 1985இல் சிதம்பரம் கப்பலில் தீப்பிடித்த பிறகு அந்தப் போக்குவரத்தே நின்றுபோயிற்று.

வயிற்றுப்பாட்டுக்காகப் போனவர்களுக்கு நாள் பார்க்கவும் மாதம் பார்க்கவும் வசதி இருக்கவில்லை, உங்களுக்கு இருக்கிறது. மருத்துவர் சொன்னபடி பங்குனி இறுதிக்குத் தள்ளுவதையே நானும் ஆமோதிக்கிறேன். மலாக்கா நீரிணை சுமத்ராவுக்கும் மலாயாவுக்கும் நடுவே ஒதுங்கியிருப்பதால், நம் வங்கக் கடலைப் போல அங்கே கப்பல் உலுக்காது. நம் ஊரிலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கிய சிறு கப்பலில் நாலு மணி நேரம் போய்வந்தவர்கள் சொல்லும் குமட்டலை வைத்து, பல்லாயிரம் டன் எடையுள்ள பெருங்கப்பலை அளக்க வேண்டாம்.


கேட்டவரின் மறுமொழி: கும்பகோணத்திலிருந்து

எல்லோருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. மருத்துவர் ஐயா எழுதியதை அப்படியே என் கணவரிடமும் கொழுந்தனாரிடமும் படித்துக் காட்டினேன். தடுப்பூசி விவரத்தைக் கேட்டதும் கொழுந்தனார் மறுபேச்சின்றிப் பங்குனி கடைசி வாரத்துக்கு மாற்றிக்கொள்ள ஒப்புக்கொண்டார். மன்னார்குடிச் சகோதரி சொன்னதையும் வீட்டில் பேசினோம். இரவில் ஒருவேளைப் பாலைப் பீய்ச்சி வைத்துவிட்டு நான் உறங்குவது என்றும், அந்த நேரம் குழந்தையை என் கணவர் பார்த்துக்கொள்வது என்றும், அதை ஊரிலேயே இந்த மாதம் முதல் தொடங்குவது என்றும் முடிவாகியிருக்கிறது. கப்பல் புறப்படும் நாளன்று எனக்கோ குழந்தைக்கோ உடல்நிலை சரியில்லை என்றால், நாங்கள் மூவரும் கப்பல் ஏறாமல் சிங்கப்பூர் வீட்டிலேயே தங்கிவிடுவோம்.

இன்னும் இரண்டு ஐயங்கள். அத்தையும் மாமாவும் எங்களோடு ஒரே கேபினில் தங்கினால் செலவு குறையுமா? குழந்தையின் பாஸ்போர்ட்டுக்கு எப்போது தொடங்க வேண்டும்?


பதில் 5: திருவாரூரிலிருந்து ஒரு பயண முகவர்

ஒரே கேபினில் ஐந்து பேர் தங்க அனுமதி கிடைப்பது அரிது. குழந்தையும் எண்ணிக்கையில் சேரும். உள்ளேயே ஒரு கதவால் இணைந்த இரண்டு கேபின்கள் இருக்கின்றனவா என்று கேளுங்கள். அத்தை இரவில் வந்து குழந்தையை வாங்கிக்கொள்ள அது வசதியாக இருக்கும். அத்தகைய கேபின்கள் குறைவு என்பதால் முதலில் தீர்ந்துபோவதும் அவைதான்; தேதி முடிவானால் தாமதிக்க வேண்டாம்.

பாஸ்போர்ட் வேலையை இந்த வாரமே தொடங்குங்கள். பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயர் ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மருத்துவமனையில் பதிவானபோது பெயர் சூட்டியிருக்காவிட்டால் அந்த இடம் வெறுமையாக இருக்கும். மாநகராட்சி அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தால், பிறந்து ஓராண்டுக்குள் கட்டணமின்றிச் சேர்ப்பார்கள். அதன் பிறகு இணையத்தில் விண்ணப்பித்து, தஞ்சாவூர் பாஸ்போர்ட் சேவா கேந்திரத்தில் நாள் குறித்துக்கொள்ளலாம். பெற்றோர் இருவரும் கையொப்பமிட்ட அனுபந்தம் ‘டி’ என்னும் உறுதிமொழிப் படிவம் வேண்டும். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அங்கே படம் எடுப்பதற்குப் பதிலாக, வெள்ளைப் பின்னணியில் எடுத்த படத்தை நீங்களே கொண்டுபோக வேண்டும். கண் திறந்து நேராகப் பார்க்கும்படி எடுக்க நேரம் பிடிக்கும். பால் குடித்துவிட்டு நல்ல மனநிலையில் இருக்கும்போது ஸ்டூடியோவுக்குத் தூக்கிப் போங்கள்.

சிங்கப்பூர் விசா குழந்தைக்கும் தனியாகத் தேவை. கப்பலில் போய்விட்டு மறுபடி சிங்கப்பூரில் இறங்குவதால், பலமுறை நுழைய அனுமதிக்கும் விசாவா என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். பயணக் காப்பீடு வாங்கும்போது, கப்பல் பயணமும் நோயாளியைக் கப்பலிலிருந்து கரைக்குக் கொண்டுசெல்லும் செலவும் அதில் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்; கப்பல் மருத்துவமனைக் கட்டணம் நேராக உங்கள் கேபின் கணக்கில் ஏறும். திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானம் இருக்கிறது, நாலு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். ஏறும்போதும் இறங்கும்போதும் பால் கொடுத்தால் காது வலி தெரியாது. கப்பல் புறப்படும் அதே நாளில் விமானம் வைக்காமல், இரண்டு நாளாவது முன்னதாகப் போய்க் கொழுந்தனார் வீட்டில் தங்கும்படி டிக்கெட் போடுங்கள்.